துலாக்கோலும் மின்சார மீட்டரும்

(நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் மேடையேறினால் சிலம்பையோ கம்பனையோ விரித்துரைப்பான் என்று எண்ணியே நீங்கள் வந்திருப்பீர்கள். யான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ, நம் ஒவ்வொருவர் வீட்டு வாயிற்புறத்தும் சுவரில் அமர்ந்து, இராப்பகலாய்க் கணக்கெழுதிக் கொண்டிருக்கும் மின்சார மீட்டர். இதற்குத் தமிழில் மின்னளவி என்றும் மின்மானி என்றும் பெயரிட்டு வழங்கலாம். ஆயினும் கற்றாரும் கல்லாரும் மீட்டர் என்றே வழங்குதலால் யானும் அவ்வாறே கூறுவேன்.

பண்டிதனுக்கும் மீட்டருக்கும் என்ன தொடர்பு என்று வினவுவீராயின், இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அம்மீட்டரின் பொருட்டு யானே ஒரு பெரும் பிழை செய்தேன். மற்றொன்று, அதே மீட்டரின் பொருட்டு நம் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள், ஒரே கொடிவழியில் வந்தவை, ஒன்றன் வீட்டுத் திருமணத்திற்கு மற்றொன்று செல்லாத அளவுக்குப் பகைத்து நின்றன. அப்பகை தீர்ந்த வகையை, அவ்விரு குடும்பத்தாரின் இசைவு பெற்று, பின்னர்க் கூறுவேன்.

நம் முன்னோர் துலாக்கோல் பிடித்து வாழ்ந்தவர்கள். திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலையே எடுத்து வைத்தார். அவ்வதிகாரத்தை முடிக்குமிடத்து வணிகரை நினைந்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், வாங்குங்கால் மிகையாகக் கொள்ளாமலும் விற்குங்கால் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. அறம் ஒருபுறம் மட்டும் சாய்வதன்று என்பது இவற்றால் விளங்கும். தராசு பிழையானால் கொடுப்பவனும் கெடுவான், கொள்பவனும் கெடுவான். ஆதலின், ஐயம் தோன்றியபோது வாயாற் பூசலிடாமல் தராசையே சோதித்துப் பார்த்தல் நம் குலத்தார்க்கு உரிய பழைய வழக்கமாகும். இன்று யான் சொல்ல வந்தது இவ்வொன்றே: மீட்டரும் ஒரு தராசு, அதனைப் பழிப்பதற்கு முன் சோதித்தல் வேண்டும், சோதித்தபின் கண்ட உண்மை யாருக்குப் பாதகமாயினும் அதற்குக் கட்டுப்படுதல் வேண்டும்.

மீட்டரைத் தராசு என்று யான் கூறுவது வெறும் உவமையன்று. 1880களில் நியூயார்க்கு நகரில் எடிசன் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிய காலத்தில், அவர் வைத்த மீட்டர் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதனுள் துத்தநாக உப்புக் கரைசலும், அக்கரைசலில் தோய்ந்த துத்தநாகத் தகடுகளும் இருந்தன. மின்சாரம் செல்லச் செல்ல ஒரு தகட்டினின்றும் உலோகம் கரைந்து மறு தகட்டிற் படியும். திங்கள்தோறும் ஆள் வந்து அத்தகடுகளை எடுத்துச் சென்று தராசிலிட்டு நிறுத்து, எடை வேறுபாட்டைக் கண்டு பணம் கேட்பர். பின்னர் 1889ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்துப் பொறியாளர் ஓட்டோ பிளாதி என்பார், தட்டு ஒன்று காந்த விசையாற் சுழலும் மீட்டரை ஆக்கினார். நம்மிற் பெரியவர்கள் நன்கறிந்த, கறுப்புப் பெட்டிக்குள் தட்டுச் சுற்றும் மீட்டர் அதன் வழிவந்ததே. இன்று அத்தட்டும் போய், எண்கள் ஒளிரும் மின்னணு மீட்டர் வந்துவிட்டது. வடிவம் மாறினும் தொழில் மாறவில்லை. அது நிறுத்துச் சொல்லும் தொழிலே.

அது நிறுக்கும் பண்டம் யாது? யூனிட் என்று நாம் சொல்வது, 1000 வாட் ஆற்றலுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம். 100 வாட் குண்டு விளக்கானால் பத்து மணி நேரத்தில் ஒரு யூனிட். 10 வாட் எல்.இ.டி. விளக்கானால் நூறு மணி நேரத்தில் ஒரு யூனிட். இச்சிறு கணக்கை மனத்திற் கொண்டால் போதும். ஏனைய யாவும் பெருக்கலும் வகுத்தலுமே.

இனி என் பிழையைக் கூறுகின்றேன். என் வீட்டில் இரு திங்களுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு 380 யூனிட்டை ஒட்டியே பல முறை வந்துகொண்டிருந்தது. ஒரு முறை அது 610 என்று வந்தது. யூனிட் இரட்டிக்கவில்லை, கட்டணமோ இரண்டரை மடங்கையும் தாண்டி நின்றது. கணக்கெடுக்க வந்த இளைஞர் வாயிலில் நிற்கும்போதே, தெருவார் கேட்க, "மீட்டரும் பொய், நீர் எழுதும் எண்ணும் பொய்" என்று சினந்து கூறினேன். அவர் ஒன்றும் மறுமொழி கூறாமல் தலைகுனிந்து சென்றார். அன்றிரவே கடுமையான மனு ஒன்றும் எழுதி வைத்தேன். மறுநாள் பள்ளியில் அம்மனுவை அறிவியல் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஐயா, தமிழ் நன்றாக இருக்கிறது, மீட்டரைச் சோதித்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு விடையில்லை. மாணாக்கன் ஒருவனைத் தண்டிப்பதற்கு முன் உசாவாத ஆசிரியனை யான் எத்தனை முறை கண்டித்திருக்கின்றேன்! அன்று மாலை அவரும் யானுமாகச் சோதித்த முறையை வரிசையாகச் சொல்வேன். நீங்களும் வீட்டிற் செய்து பார்க்கலாம்.

முதலாவது, காகிதத்தைச் சோதித்தல். பட்டியலில் எழுதிய எண்ணும் மீட்டரில் தோன்றும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மின்னணு மீட்டரில் பல எண்கள் மாறி மாறித் தோன்றும். நாள், நேரம், வோல்ட், ஆம்பியர், கிலோவாட் எனப் பலவும் வரும். அவற்றுள் கிலோவாட்-மணி என்னும் குறியோடு வருவதே யூனிட் எண். அடுத்து, சென்ற கணக்கிற்கும் இந்தக் கணக்கிற்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 60 நாளில் வரவேண்டியவர் 68 நாளில் வந்தால், எட்டு நாட் செலவு கூடிவிடும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால் இந்த எட்டு நாள் சிறிதன்று. 2024ஆம் ஆண்டின் கட்டண முறைப்படி, வீட்டிணைப்புக்கு இரு திங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐக் கடந்துவிட்டால், 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலை நீங்கி, அவ்யூனிட்டுகளும் உயர்ந்த விலைக்கு ஏறிவிடும். என் கட்டணம் யூனிட்டைக் காட்டிலும் விரைந்து ஏறியதன் காரணம் இதுவே. மீட்டரின் மேல் யான் ஏற்றிய பழியிற் பாதி, படிக்கட்டு விலையின் மேல் ஏற்றியிருக்க வேண்டியது.

இரண்டாவது, வெறுந்தட்டுச் சோதனை. தராசில் ஒன்றும் இடாதபோது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது. மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மின்னணு மீட்டரில் செந்நிறச் சிறு விளக்கு ஒன்று மின்னி மின்னிக் காட்டும். மின்சாரம் செலவாகும் அளவுக்கேற்ப அது விரைந்தோ மெல்லவோ மின்னும். மெயின் அணைந்தபின் அது மின்னுதல் கூடாது. சில மீட்டர்களில் விளக்கு எரிந்தபடியே நிற்கும். அது குற்றமன்று, மின்னி மின்னி அணைவதே செலவின் குறி. தட்டு மீட்டராயின் தட்டு நிற்றல் வேண்டும். சிறிது அசைந்து ஒரு சுற்று முடியுமுன் நின்றுவிட்டாலும் குற்றமில்லை. மெயினை அணைத்தும் பத்து நிமிடம் தொடர்ந்து மின்னினால், மீட்டர் தானே ஓடுகிறது, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் இடையே யாரோ கம்பி இழுத்திருக்கின்றனர் என்று ஐயுறலாம். என் வீட்டில் விளக்கு மின்னவில்லை.

மூன்றாவது, மெயினைப் போட்டு, வீட்டிலுள்ள சுவிட்சுகளை மட்டும் அணைத்துப் பார்த்தல். இப்போது மின்னினால் குற்றம் மீட்டரில் அன்று, வீட்டுக்குள் உள்ளது. பிளக்கிற் செருகியபடியே கிடக்கும் இன்வெர்ட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, இணையப் பெட்டி முதலியன சிறிது சிறிதாய் உண்ணும். பழைய தட்டு மீட்டர் தேய்ந்து இறுகிப் போனபின் இச்சிறு செலவுகளைக் காணாமலே விட்டுவிடும். 5 ஆம்பியர் அடிப்படை அளவுடைய முதல் வகுப்பு மின்னணு மீட்டரோ, 20 மில்லி ஆம்பியர், அதாவது ஏறத்தாழ ஐந்து வாட் செலவையே எண்ணத் தொடங்கிவிடும். மீட்டரை மாற்றியதும் கட்டணம் ஏறிற்று என்று பலர் குறை கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழையது குறைத்து நிறுத்தது. புதியது மிகுத்து நிறுக்கவில்லை.

ஈண்டு இன்னொன்றும் அறிதல் வேண்டும். நம் நாட்டு ஒற்றை முனை மின்னணு மீட்டர்கள், போகும் கம்பியிலும் திரும்பும் கம்பியிலும் ஓடும் மின்சாரத்தை ஒப்பிட்டு, இரண்டில் மிகுதியானதையே கணக்கில் எழுதும்படி அமைக்கப்பட்டுள்ளன. திருட்டைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒரே கட்டடத்தில் இரண்டு மீட்டர் வைத்து, இரு வீட்டின் நியூட்ரல் கம்பிகளையும் எலக்ட்ரீசியன் ஒன்றாக முடிந்துவிட்டிருந்தால், அடுத்த வீட்டார் செலவும் நம் கணக்கில் ஏறிவிடும். அப்பொழுது மீட்டர் உண்மையே பேசுகிறது; கம்பிதான் பொய் பேசுகிறது. மீட்டரின் முகத்தில் நிலக்கம்பிக் கசிவைக் குறிக்கும் விளக்கு ஓயாமல் எரிந்தால் தேர்ந்த எலக்ட்ரீசியனை அழைத்துக் கம்பிகளைப் பாருங்கள்.

நான்காவது, படிக்கல் சோதனை. தராசைச் சோதிக்க எடை தெரிந்த கல் வேண்டும். மீட்டரைச் சோதிக்கச் செலவு தெரிந்த கருவி வேண்டும். குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, கெய்சர் ஆகியன இதற்கு உதவா. அவை இடையிடையே தாமே நின்று நின்று ஓடும். வாளி நீரில் இடும் 1000 வாட் ஹீட்டர் ராடு நன்று. வாளியில் நீர் நிறைந்திருத்தல் வேண்டும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுமுன் நீரில் விரலும் படுதல் கூடாது. குழந்தைகளை அறைக்குள் விடுதல் கூடாது. மற்றெல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு இந்த ராடை மட்டும் போடுங்கள்.

இனி மீட்டரின் முகத்தைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்னும் எண் அதில் அச்சிடப்பட்டிருக்கும்; என் மீட்டரில் அது 3200. சிலவற்றில் 1600 என்றும் 6400 என்றும் இருக்கும். தட்டு மீட்டராயின் ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று, 1200 சுற்று என்றவாறு இருக்கும். 3200 மின்னலுக்கு ஒரு யூனிட் எனின், 1000 வாட் கருவிக்கு 3600 விநாடியில் 3200 மின்னல். எனவே 100 மின்னலுக்கு 112½ விநாடி ஆதல் வேண்டும். கைப்பேசியில் உள்ள கடிகாரமே போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கடிகாரத்தைத் தொடங்கும் மின்னலைச் சுன்னம் என்று எண்ணுக, ஒன்று என்று எண்ணற்க. யான் முதன்முறை ஒன்று என்று தொடங்கி, நூற்றுக்கு ஒன்று பிழை செய்தேன். இலக்கணம் கற்றவன் எண்ணிக்கையில் வழுக்கினேன்.

மீண்டும் எண்ணியபோது 100 மின்னலுக்கு 120 விநாடி ஆயிற்று. கணக்கிட்டால் மீட்டர் கண்ட செலவு ஏறத்தாழ 938 வாட். "1000 இருக்க வேண்டிய இடத்தில் 938! மீட்டர் குறைத்தல்லவோ காட்டுகிறது?" என்று வியந்தேன். நண்பர் நகைத்தார். ராடில் எழுதிய 1000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு உரியது. வோல்ட் குறைந்தால் ராடின் செலவும் குறையும். அதுவும் நேராகக் குறையாமல் வோல்ட்டின் வர்க்க அளவிற் குறையும். அவர் தம் மல்டிமீட்டரால் அளந்தபோது 223 வோல்ட் இருந்தது. 223ஐ 230ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 1000த்தாற் பெருக்கினால் 940 வருகிறது. மீட்டர் சொன்னது 938. நியாயம் சொன்னது 940. எத்துணை நேர்மை!

ஆயினும் அன்பர்களே, இச்சோதனையின் எல்லையையும் அறிதல் வேண்டும். ராடில் அச்சிட்ட எண்ணே நூற்றுக்கு ஐந்தோ பத்தோ மாறுபட்டிருத்தல் கூடும். ஆதலால் இம்முறை பெரும் பிழையைத்தான் காட்டும். நுண்ணிய பிழையைக் காட்டாது. பிளக்கிற் செருகி வாட் அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்றை ராடுக்கும் சுவருக்கும் இடையே வைத்தால் இன்னும் திருத்தமாகும். மத்திய மின்சார ஆணையம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, வீடுகளில் வைக்கும் மீட்டர் முதல் வகுப்பினதாகவோ அதனினும் சிறந்ததாகவோ இருத்தல் வேண்டும். அவ்வகுப்பிற்கு அனுமதித்த பிழை நூற்றுக்கு ஒன்றளவே. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வாளியும் கைப்பேசியும் போதா, ஆய்வுக்கூடமே வேண்டும். நூற்றுக்கு இருபது வேறுபட்டால் வாளியே சான்று சொல்லும்.

மீட்டர் உண்மையாயின் 230 யூனிட் எங்கே போயிற்று? அன்றிரவு யாவற்றையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டு, மீட்டரின் முன் நாற்காலியிட்டு அமர்ந்தேன். நள்ளிரவு கழிந்தபின், சோம்பிக் கிடந்த அச்செவ்விளக்கு திடீரென விரைந்து மின்னத் தொடங்கிற்று. ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார், தொட்டியில் நீர் குறைந்ததென்று, தானியங்கிக் கருவியால் ஓடியது. நிலத்தின் ஆழத்தில் ஓடுவதால் அதன் ஓசை ஒருவர் காதிலும் விழவில்லை. யாரும் நீர் செலவிடாத நேரத்தில் தொட்டி குறைந்தது ஏன்? கொல்லைப்புறத்து மண்ணுக்குள் குழாய் உடைந்து, ஏற்றிய நீரெல்லாம் வாழைக்கு அடியில் இறங்கிக் கொண்டிருந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளொன்றுக்கு நாலு மணி நேரம் மிகையாக ஓடினால் நாளைக்கு நாலு யூனிட். அறுபது நாளைக்கு 240. என் கணக்கு நேராயிற்று. வாழை செழித்ததைக் கண்டு யான் சில நாள் பெருமைகூடக் கொண்டிருந்தேன்.

குழாயைச் செப்பனிட்டேன், மனுவைக் கிழித்தேன். அடுத்த முறை அவ்விளைஞர் வந்தபோது, அதே வாயிலில், அதே தெருவார் கேட்க, மன்னிப்பு வேண்டினேன். "பரவாயில்லை ஐயா, நாளொன்றுக்குப் பத்துப் பேர் சொல்வதுதான், திரும்பி வந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார் அவர். அச்சொல் என்னைச் சுட்டது.

மீட்டர் எப்பொழுதும் மெய்யே பேசும் என்று இதனால் முடிவு கட்டிவிடாதீர்கள். தட்டு மீட்டரில் தட்டின் வேகத்தை அடக்கும் காந்தம் ஒன்று உண்டு. அக்காந்தம் வலுவிழந்தால் தட்டு விரைந்து சுற்றும். மின்னணு மீட்டரும் குற்றத்திற்கு அப்பாற்பட்டதன்று. நெதர்லாந்து நாட்டு ட்வென்டி பல்கலைக்கழகத்தார் ஒன்பது மின்னணு மீட்டர்களை ஆய்ந்து 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஒளி குறைக்கும் கருவியோடு சில விளக்குகளை எரித்தபோது அவற்றுள் ஐந்து மிகுத்தும், இரண்டு குறைத்தும் காட்டின. அவை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே அமைத்த கடுமையான சூழல்கள் என்பது உண்மை. எனினும் ஐயுறுவோரை அறிவிலிகள் என்று தள்ளிவிடல் ஆகாது என்பதற்கு அது சான்று.

இனி முதலிற் குறித்த இரு குடும்பத்தின் செய்தியைக் கூறுவேன். நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டின் பின்கட்டில், கணவரை இழந்த அம்மையார் ஒருவர் இரு பெண்மக்களோடு குடியிருந்தார். இருவரும் உறவினர், வாடகையும் சிறிதே. மின்சாரத்திற்கு மட்டும் பெரியவரின் இணைப்பிலிருந்து கம்பி இழுத்து, இடையே பழைய தட்டு மீட்டர் ஒன்றைச் சப்-மீட்டராக வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் பெற்றுவந்தனர். இரு திங்களுக்குச் சராசரி 180 யூனிட் வந்தது. இரண்டு விளக்கும் இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீட்டுக்கு அது மிகுதி என்று அம்மையார் வருந்தினார். "இரவெல்லாம் விசிறியை ஓடவிட்டு, கணக்கைக் குறை சொன்னால் ஆகுமா?" என்றனர் பெரியவர் வீட்டார். "விதவைப் பணத்தில் விளக்கெரிக்கிறார்கள்" என்றனர் அம்மையாரின் உடன்பிறந்தார். பேச்சு வளர்ந்தது, திருமண அழைப்புத் திரும்பி வந்தது.

என் மீட்டர்க் கதையைக் கேள்வியுற்ற பெரியவரே ஒருநாள் என்னை அழைத்தார். "வாத்தியாரே, உம் வாளியையும் கடிகாரத்தையும் கொண்டுவாரும். என் பக்கம் பிழையென்றால் என் முகத்துக்கு நேரே சொல்லும்" என்றார். இரு வீட்டாரையும் அருகில் நிறுத்திக்கொண்டு, அறிவியல் ஆசிரியரும் யானும் சோதித்தோம். ராடின் உண்மைச் செலவு 920 வாட் என்று பிளக்கிற் செருகிய கருவி காட்டிற்று. சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 600 சுற்று என்றிருந்தது. 920 வாட்டுக்குப் பத்துச் சுற்று முடிய 65 விநாடி ஆதல் வேண்டும். 54 விநாடியில் முடிந்துவிட்டது. மூன்று முறை செய்தோம்; பெரியவரின் பேரனையும் எண்ணச் செய்தோம்; 54க்கு மேல் ஏறவில்லை. நூற்றுக்கு இருபது மிகுதி! 180 என்று காட்டிய இடத்தில் உண்மை 149 யூனிட்டே.

கூடத்தில் ஓசையில்லை. பெரியவர் காகிதம் கேட்டு வாங்கித் தாமே கணக்கிட்டார். முறைக்கு 31 யூனிட் மிகை. எட்டு ரூபாய் வீதம் 248 ரூபாய். அம்மையார் குடிவந்து நான்கு ஆண்டு, 24 முறை. மொத்தம் 5,952 ரூபாய். அவர் மகன், "மீட்டர் எப்போது கெட்டதென்று யார் அறிவார்? நான்காண்டும் கெட்டிருந்ததென்று எப்படிச் சொல்வது?" என்றார். பெரியவர், "தராசு என்னுடையது, அதைச் சோதிக்காமல் வைத்தவன் நான், ஐயத்தின் பயன் அவளுக்கே" என்று கூறி, ஆறாயிரம் ரூபாயைத் தாம்பாளத்தில் வைத்து, அம்மையாரின் மூத்த பெண் கையிற் கொடுத்தார். அம்மையாரோ, "மாமா, பணத்துக்கு நான் அழவில்லை, பொய் சொல்கிறேன் என்றார்களே, அதற்குத்தான் அழுதேன்" என்றார். அதன்பின் அங்கு யாரும் வழக்காடவில்லை.

ஆனால் கணக்கு அதனோடு முடியவில்லை. சப்-மீட்டர் துல்லியமாகவே இருந்திருந்தாலும் அம்மையார்க்கு இழப்பே. தனி இணைப்பு இருந்தால் 149 யூனிட்டில் முதல் 100 இலவசமாய்ப் போய், 49க்கு மட்டும் குறைந்த விலையிற் கட்டணம் வந்திருக்கும். அவர் செலவு பெரியவர் கணக்கில் ஏறியதால், பெரியவரும் உயர்ந்த படிக்கட்டு விலையைச் செலுத்திவந்தார். இருவர்க்கும் நட்டம், ஒருவர்க்கும் ஊதியமில்லை. இதனைக் கண்ட பெரியவர் பின்கட்டுக்குத் தனி இணைப்பு வேண்டி விண்ணப்பித்துப் பெற்றும் கொடுத்தார். வாடகைக்கு வீடு விட்டிருக்கும் நம் அன்பர்கள் இதனை மனங்கொள்ள வேண்டுகின்றேன். கடையிலுள்ள மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறை முத்திரையிடக் கொண்டுசெல்லும் நாம், நம் வீட்டுச் சப்-மீட்டரை வாழ்நாளில் ஒருமுறையேனும் சோதித்ததுண்டா?

வாரிய மீட்டரிலேயே பிழை என்று ஐயம் வலுத்தால் செய்யத்தக்கது யாது? ஏழு நாள், நாள்தோறும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்து வையுங்கள். சோதனையின் விவரத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்குதல் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், மீட்டர் எண் செலவோடு பொருந்தவில்லை என்று முறையிட்டால் ஐந்து நாளுக்குள் மற்றொரு மீட்டரையும் உடன் பொருத்தி, குறைந்தது மூன்று திங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்று கூறுகின்றன. அங்கும் குறை தீராவிடின் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர் உண்டு. எது செய்யினும் மீட்டரின் முத்திரையைத் தொடாதீர்கள். மூடியைத் திறத்தலும் முத்திரையை உடைத்தலும் அதே சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். உண்மை நம் பக்கம் இருந்தாலும் முத்திரை உடைந்தால் வழக்கு நம்மேல் திரும்பும்.

முடிவாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பிளக்கிற் செருகும் வாட் கருவி ஒன்று, ஹீட்டர் ராடு ஒன்று, வாளி ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று. இவற்றைச் சங்கத்தின் செலவில் வாங்கி வைத்தல் வேண்டும். அவ்வாட் கருவியையும் ஆண்டுதோறும் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். படிக்கல்லே பிழையானால் தராசைச் சோதித்துப் பயனென்ன? கணக்கும் அறிவியலும் கற்ற நம் இளைஞர் நால்வர் முன்வந்து, அழைத்த வீட்டுக்குச் சென்று ஊதியமின்றிச் சோதித்துச் சொல்லட்டும். முதலில் வாடகைச் சப்-மீட்டர்களைச் சோதிக்கட்டும். அவற்றுள்ளும் முதலில், கேட்கத் தயங்கும் எளியவர் வீட்டு மீட்டர்களைச் சோதிக்கட்டும். இப்பணிக்கு முதற்கொடையாக, அப்பெரியவர் அம்மையாரின் புது இணைப்பு வந்த நாளன்று என்னிடம் தந்த 1,001 ரூபாயை இவ்வவையில் பொருளாளரிடம் ஒப்படைக்கின்றேன். தம் பெயரைச் சொல்லவேண்டா என்று அவர் பணித்தார். கதையை மட்டும் மறைக்காமற் சொல்லச் சொன்னார்.